வலிக்காத நேரத்தைக் கேட்ட நர்ஸம்மா

நர்ஸம்மா யாரிடமும் "எங்கே வலிக்கிறது?" என்று முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. "எப்ப வலிக்கறதில்லீங்க?" என்றுதான் கேட்பார்.

கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கார் டிரைவராக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் எனக்கு வயிற்றுவலி வந்தது. கம்பவுண்டர் மிக்ஸ்சர் மருந்துப் பாட்டிலைக் குலுக்கிக் கையில் கொடுக்கப் போன நேரத்தில் நர்ஸம்மா அந்தப் பக்கம் வந்தார்.

"என்னங்க தம்பி, வயிறா?"

"ஆமாங்க. மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் புடிச்சு இழுக்குதுங்க."

"அதை விடுங்க. எப்ப வலிக்கறதில்லீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழமை வலிக்கறதில்லீங்க."

"அன்னைக்கு என்ன சாப்படறீங்க?"

"எப்பவும் போலத்தானுங்க."

"என்ன உடுத்தறீங்க?"

"ஊட்டுலதான இருக்கறனுங்க, வேட்டிதானுங்க."

அவர் என் இடுப்பைக் காட்டினார். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் ஒல்லியான மனிதர். அவருடைய காக்கிக் கோட்டும் தோல் பெல்ட்டும் அப்படியே எனக்கு வந்திருந்தன. "ஒரு ஓட்டை தள்ளிப் போடுங்க, சரியாப் போயிரும்" என்றார். கம்பவுண்டர் பாட்டிலை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். வலி அன்றைக்கே போயிற்று.

நர்ஸம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பது அவர்தான். வெளியூர்களில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டால் கிளம்பிப் போவதும் அவர்தான். நல்ல நிறம், நெற்றி மேல் சுருண்டு விழும் முடி, பெரிய குரல். உடம்பும் பெரிய உடம்பு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வராந்தாவில் அவர் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். பெஞ்சில் ஒரு கோடியில் அவர் உட்கார்ந்தால் மறு கோடியில் இருப்பவர் எழுந்து விடுவார். ஆனால் அவருடைய உடம்பைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து மரியாதை அப்படி. ஒருவரை "உக்காருங்க" என்று சொல்லுவதற்கே நாலு "ங்க" போடுகிறவர்கள் நாங்கள்.

அவருடைய கேள்வியால் வேலை தாமதமாகும் என்று பெரிய டாக்டருக்கு ஒரு குறை உண்டு. "நோயாளிங்க வரிசை வாசல் கேட் வரைக்கும் நிக்குது, நீங்க கதை கேட்டுட்டு இருக்கறீங்க" என்பார். நர்ஸம்மா "இதோ ஆச்சுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கதையை முழுதாகக் கேட்டு முடிப்பார்.

அன்னூருக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தோம். பிரசவம் இல்லை. கல்யாணமாகி ஆறு மாதமான மருமகளுக்கு ஓயாத தலைவலி, இரண்டு தரம் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் வாசலில் காரோடு நின்றிருந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. மாமியார்க்காரி வலி வருகிற நேரத்தை எல்லாம் அடுக்கிக்கொண்டே போனார்.

"அதை விடுங்க அம்மணி" என்றார் நர்ஸம்மா. "நீ சொல்லு கண்ணு. எப்ப தலை வலிக்கறதில்லை?"

அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். "எங்கம்மா ஊட்டுல இருக்கறப்பங்க."

தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மாடு கூட நின்றுவிட்டது போல எனக்குத் தோன்றியது. நர்ஸம்மா அசரவில்லை. "அங்க இருந்து இங்க இல்லாதது என்ன கண்ணு?"

"அங்க தூங்குவனுங்க."

விசாரித்ததில், அந்த வீட்டில் அவள்தான் கோழி கூப்பிடுவதற்கு வெகுமுன்பே எழுந்து கம்பு குத்தி, தயிர் கடைந்து, சாணி வாரிக் கொட்டுகிறவள் என்று தெரிந்தது. எல்லோரும் படுத்த பிறகு படுக்கிறவளும் அவளேதான். நர்ஸம்மா மாமியாரைத் திட்டவில்லை. பெட்டியிலிருந்து காகிதம் எடுத்து எழுதி, அதை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்தார். "ஆஸ்பத்திரி மருந்துங்க. மாசம் பூரா வெய்யல் வர்ற வரைக்கும் தூங்கோணும். ஒரு நாள் தப்புனாலும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுங்க. நீங்கதான் பாத்துக் குடுக்கோணும், இவளுக்குப் பொறுப்புப் பத்தாது."

அந்த அம்மாள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியதை நான் பார்த்தேன். காருக்கு வந்து உட்கார்ந்ததும் நர்ஸம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு மைல் தூரம் கார் குலுங்கியது ரோட்டினாலா அவர் சிரிப்பினாலா என்று தெரியவில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. அப்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல். கான்வாஸ் கூரை, ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துகிற ஹாரன், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். பெடலை மிதித்தால் நீளமான ஒரு இரும்புக் கம்பி பின்சக்கரங்களின் பிரேக்கைப் போய் இழுக்கும். அதைத் தவிர ஒரு கை பிரேக், அவ்வளவுதான். பின்சீட்டில் வலது பக்கம் பிரசவப் பெட்டி இருக்கும். இடது பக்கம் நர்ஸம்மா.

ஆடிக் காற்று ஆரம்பித்த சமயத்தில் அந்தப் பெடல் என்னை ஏமாற்றத் தொடங்கியது. ரயில் கேட் சாத்தியிருப்பதைப் பார்த்து மிதித்தேன். பஞ்சுப் பொதியில் கால் வைத்தது போல் உள்ளே போயிற்று. கை பிரேக்கை இழுத்து, கேட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினேன். மறுநாளே வண்டியை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன்.

வொர்க்‌ஷாப் மேஸ்திரி நல்ல வேலைக்காரர், பொய் சொல்லாத மனிதர். ஜாக்கி போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைச் சுற்றவிட்டு என்னை மிதிக்கச் சொன்னார். சக்கரம் டக்கென்று நின்றது. இறக்கி, தானே ஓட்டிக்கொண்டு உக்கடம் குளத்துக் கரை வரை போய்த் திரும்பினார். "பெடல் கல்லாட்டம் இருக்குதுங்களே தம்பி" என்றார்.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பள்ளத்தில் இறங்கும்போது மறுபடி பஞ்சுப் பொதி. மறுபடி மேஸ்திரி. இந்தத் தடவை கம்பியின் நட்டை ஒரு சுற்று இறுக்கினார். சும்மா ஓடும்போதே பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் கொதிக்க ஆரம்பித்தது. பழையபடி தளர்த்தினார். மூன்றாவது தடவை நான் போனபோது என் காலைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க. வண்டியில ஒண்ணுமில்லீங்க. நீங்க ஏதோ பயந்துக்கறீங்க."

பெரிய டாக்டரிடமும் அதையேதான் சொன்னார். டாக்டர் தானே வண்டியில் ஏறி, என்னை ஓட்டச் சொல்லி ஊரைச் சுற்றி வந்தார். மிதித்த இடத்தில் எல்லாம் வண்டி நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு சந்தை நாளில்தான் அது நடந்தது. நர்ஸம்மாவும் நானும் அன்னூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அடியில், தரைப்பாலத்தின் மேல், பருத்திப் பொதி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றிருந்தது. வண்டிக்காரர் கடையாணியைத் தட்டிக்கொண்டிருந்தார். பெடலை மிதித்தேன். காலடிப் பலகை வரைக்கும் போய்விட்டது. கை பிரேக் கத்தியது, ஆனால் நிற்கவில்லை. ஹாரனை அமுக்கினேன். வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். கார் ரோட்டை விட்டு இறங்கி, ஆளுயரச் சோளக் காட்டுக்குள் புகுந்து, சோளத் தட்டைகளை எல்லாம் படபடவென்று சாய்த்துக்கொண்டு போய், உழுத மண்ணில் அமுங்கி நின்றது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, கை கால் எல்லாம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. உங்களுக்குங்க?"

"எனக்கு என்ன, நான் மெத்தை மேல உளுந்த மாதிரி."

அந்தச் சோளக் காட்டுக்குச் சொந்தக்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கத்தியபடி ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் உள்ளே இருப்பவர் யார் என்று பார்த்துவிட்டார். அவருடைய பையனைப் பிறக்க வைத்த கை அது. கோபம் தொண்டையிலேயே நின்றுபோய், "ஏனுங்க நர்ஸம்மா, நெம்பச் சிரமப்பட்டுக் காட்டுக்குள்ளார வந்திருக்கறீங்க. ரோட்டுலயே வந்திருக்கலாமுங்களே" என்றார்.

நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள். ஊர் வரைக்கும் மாட்டு வண்டி வேகத்தில் வந்தேன்.

மறுநாள் காலை டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கடுமையாகப் பேசவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. "வண்டியை மூணு தடவை பாத்தாச்சு. நானும் பாத்தாச்சு. ஒரு உயிர் போயிட்டா பதில் சொல்ல முடியாதுங்க. இந்த வாரம் முடியட்டும். வேற டிரைவரைப் பாத்துக்கறோம்" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். பூளைமேட்டுப் பக்கம் ஒரு அறை பிடித்து இருவரும் அப்போதுதான் குடியேறியிருந்தோம். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், புங்க மரத்தடியில் வண்டியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் நர்ஸம்மா வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"தம்பி, எப்ப பிரேக் நல்லாப் புடிக்குதுங்க?"

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. "ரயில் டேசனுக்கு மருந்துப் பெட்டி எடுக்கப் போறப்ப நல்லா இருக்குதுங்க."

"அப்பறம்?"

"மேஸ்திரி ஓட்டறப்பங்க. பெரிய டாக்டர் வந்தப்பங்க."

"டவுனுக்குள்ளார நல்லா இருக்குது. கிராமத்து ரோட்டுல கெட்டுப் போகுது. அப்பிடீங்களா?"

"இல்லீங்க. போன மாசம் டாக்டரைக் கூட்டீட்டு அன்னூருக்கே போனனுங்க. போக வர ஒண்ணும் ஆகலீங்க."

"வெயிலா, மழையா?"

"ரெண்டுலயும் போயிருக்கறனுங்க."

"அப்ப கெட்டுப் போற அன்னைக்கு மட்டும் என்ன வித்தியாசமுங்க?"

நான் துணியை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

"சொல்லுங்க தம்பி."

"ஒண்ணுமில்லீங்க."

"உங்க மூஞ்சி ஒண்ணுமில்லைன்னு சொல்லலீங்களே."

வேறு வழியில்லை. காரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீங்க உக்காந்திருக்கற அன்னைக்குத்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். காரின் பின்சீட்டைப் பார்த்தார். தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் சிரிக்கத் தொடங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அட ஆண்டவரே! இந்தக் காருக்கு வந்த நோயி நானுங்களா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். மாடி ஜன்னலில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?"

"சந்தேகமாத்தானுங்க... ரெண்டாவது தடவையில இருந்துங்க."

"ஏன் சொல்லலை?"

"எப்பிடீங்க உங்ககிட்டச் சொல்றது?"

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். "மரியாதை பாத்து என்னைக் கொல்லப் போயிட்டீங்களே தம்பி. அந்த வண்டிக்காரரையும் சேத்தி" என்றார். குரல் உயரவில்லை. என் தலை தானாகக் குனிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து என் தோளைத் தட்டினார். "போங்க. மேஸ்திரியைக் கூட்டீட்டு வாங்க. வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க. அவரு இங்க வரட்டும்."

மேஸ்திரி வந்தபோது ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் வராந்தாவில் இருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு ஒருவர், கைக்குழந்தையோடு இருவர், கம்பவுண்டர், சமையல்காரர். நர்ஸம்மா காரில் ஏறித் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். "மிதிங்க தம்பி" என்றார். மிதித்தேன். பெடல் பலகையைத் தொட்டது. "பாத்துக்கங்க" என்று இறங்கினார். மிதித்தேன். கல் மாதிரி நின்றது. மறுபடி ஏறினார். பஞ்சு. இறங்கினார். கல். மூன்றாவது தடவை அவர் ஏறும்போது வராந்தாவில் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் மேலே ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏனுங்க மேஸ்திரி, பிரசவம் பாக்கறவ நான், இதுக்கு வெக்கப்பட்டா ஆகுமுங்களா? படுங்க கீழ" என்றார் நர்ஸம்மா.

மேஸ்திரி கோணிச் சாக்கை விரித்து உள்ளே ஊர்ந்தார். அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "அம்மா, சித்தெ எறங்குங்க... இப்ப ஏறுங்க... மெல்ல எறங்குங்க... அட! அடடா!"

வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். இடது பின்சக்கரத்தில் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வில்லின் மேல் தூசி படாமலிருக்கச் சாக்கைச் சுற்றித் தைத்திருந்தது, எஸ்டேட்காரர் காலத்திலிருந்தே. அதைக் கத்தியால் கிழித்தார். உள்ளே முதல் பட்டையும் அதற்கடுத்த இரண்டு பட்டைகளும் ஒடிந்திருந்தன. இடது பக்கம் பாரம் ஏறினால் ஒடிந்த வில் விரிகிறது, சக்கரத்து அச்சு இருந்த இடத்திலிருந்து முன்னால் நகர்கிறது, பெடலிலிருந்து போகும் கம்பி தொளதொளவென்று ஆகிவிடுகிறது. பாரம் இறங்கினால் அச்சு தன் இடத்துக்கே வந்துவிடுகிறது.

"நான் பாத்தப்பல்லாம் வண்டி ஜாக்கி மேல நின்னுது, இல்லாட்டிப் பின்சீட்டுக் காலியா ஓடுச்சுங்க" என்றார் மேஸ்திரி. "ஜாக்கி மேல நிக்கற வண்டிக்குப் பாரம் ஏதுங்க? தப்பு என்ற மேலதானுங்க. தம்பியோட காலு மேல இல்லீங்க."

பெரிய டாக்டர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வராந்தாத் தூணோரம் நின்றிருந்தார். இறங்கி வந்து ஒடிந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நான் ஏறினப்ப ஏன் தெரியலை?" என்றார்.

"நீங்க ஏறுனது காருக்கே தெரிஞ்சிருக்காதுங்க டாக்டர்" என்றார் நர்ஸம்மா.

டாக்டர் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். அவர் முன்னால் சத்தமாகச் சிரிக்க எல்லோருக்கும் பயம். அவரே முதலில் சிரித்தார். அதன் பிறகு அடக்க ஆளில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்புங்க. வேற டிரைவர் வேண்டாம்."

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் வேலை போன கதையையும் வந்த கதையையும் சேர்த்தே சொன்னேன்.

புதுப் பட்டைகள் அடித்துப் பூட்ட நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் வெள்ளோட்டம் என்று நர்ஸம்மாவே நாள் குறித்தார். தான் இடது பக்கம், பெட்டி இருந்த இடத்தில் இரண்டு நர்ஸ் பெண்கள், முன்னால் மேஸ்திரி, காலடியில் ஒரு மூட்டை அரிசி. சரிவான ரோடாகப் பார்த்துப் போகச் சொன்னார். பாதிச் சரிவில் "நிறுத்துங்க" என்றார். நின்றது. மேஸ்திரியின் தலை முன்கண்ணாடியில் போய் இடித்தது. "இன்னொருக்கா" என்றார் நர்ஸம்மா. மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கினோம். கடைசித் தடவை அந்தப் பெண்கள் கூச்சல் போட்டதில் வேலிக்கு அப்பால் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள்.

அதன் பிறகு அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்தார். பிறகு தாராபுரத்துப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஊர்களுக்குப் போயிருப்போம் என்று கணக்கில்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஒரு காலை நேரம்தான் முதலில் கண்முன் வருகிறது.

முதல் நாள் மாலையே போய்விட்டோம். தலைப் பிரசவம், கஷ்டமான பிரசவம். விடிந்து வெயில் வந்த பிறகுதான் குழந்தை அழுதது. இரட்டைப் பெண் குழந்தைகள். பதநீரும் தோட்டத்து நிலக்கடலையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊரை விட்டு இறங்கும் சரிவில் வந்துகொண்டிருந்தபோது வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய செம்மறியாட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. மிதித்தேன். கார் நின்றது.

"ஆடு வருதுங்க நர்ஸம்மா" என்று சொல்லத் திரும்பினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கடலைப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

ஆட்டுக்காரர் கிட்டே வந்தார். "ஏனுங்க, ஹாரன் அடிங்க, வெசையா வெலகிப் போயிரும்" என்றார்.

நான் உதட்டில் விரலை வைத்துப் பின்சீட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. ஹோய் ஹோய் என்று ஓட்டிக்கொண்டு வந்தவர், நாக்கை மட்டும் மெல்லச் சொடுக்கி ஆடுகளைக் காருக்கு இரண்டு பக்கமும் பிரித்து விட்டார். நூறு ஆடுகளாவது இருக்கும். ஆட்டு ரோமம் காரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. செங்குத்தான சரிவு, நர்ஸம்மாவின் பாரம் முழுதும் பின்னால். கடைசிக் குட்டி கடந்து போகிற வரைக்கும் நான் காலை எடுக்கவில்லை. பெடல் இம்மியும் இறங்கவில்லை.